புது வெர்ஷன் விழுங்கிய கட்டுரைகள்

எங்கள் சேலையூர் பள்ளியின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று மதியம், அதைச் செய்து கொடுத்தவர் வந்து புது வெர்ஷனை ஏற்றினார்.

"இனிமே தேடலாம், கமெண்ட் போடலாம், போட்டோ தானா மாறும் மேடம்!"

பிள்ளைகளின் தமிழ்க் கட்டுரைப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகக் கிடந்தன. ஒரு வருடமாக நான் உட்கார்ந்து டைப் செய்தவை.

"பழசைத் திருப்பிப் போடுங்க."

"பேக்கப் எடுக்கல மேடம். விடுங்க, நெட்ல தமிழ் யாரு படிக்கிறாங்க?"

வந்த ஆத்திரத்தில் கட்டுரை நோட்டுகளை அவர் முன்னால் அடுக்கினேன்.

"டைப் பண்ணிட்டுக் கிளம்புங்க."

"எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியாதே!"

"கத்துக்கங்க."

இரண்டு மணி நேரத்தில் அரைப் பக்கம் முடித்திருக்கிறார்.

இதைப் படிக்கிறவர்கள் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள். ஆள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார், காட்ட வேண்டும்.