பின்னால் ஆளில்லாத வண்டி

நோபர்ட்டின் வலது கால் அக்ஸிலேட்டரை விட்டு எழும்புவதே இல்லை. மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே, றஹீமின் கேம் கடையில், அலமாரி அளவுள்ள பழைய கார் ரேஸ் மெஷினுக்குள் உடம்பை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். திரையில் சிவப்புக் கார் கடற்கரை வீதியில் பறக்கிறது. வளைவு வந்தால் அவரும் கூடவே சாய்கிறார். இரண்டு லொறிகளுக்கு நடுவே உரசாமல் நுழைந்து வெளியே வருகிறார். பகல் சாப்பாட்டுக்கு வாங்கிய பணிஸ் சட்டைப் பையில் நசுங்கிக் கிடக்கிறது.

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்கிறதையே இந்த மனுசன் மறந்துட்டாரு" என்று றஹீம் சிரிப்பார். உண்மைதான். அந்த மெஷினில் அக்ஸிலேட்டர் மிதி தேய்ந்து தகரம் தெரிகிறது. பிரேக் மிதி இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது.

இதே மனிதர்தான் மாத்தளை - கலேவெல பாதையில் ஓடும் தனியார் பஸ்களிலேயே மிக மெதுவான பஸ்ஸின் சாரதி. அந்தப் பஸ்ஸில் எட்டிப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். அக்ஸிலேட்டர் மிதியில் வரிகள் அப்படியே இருக்கும். சனங்கள் அந்தப் பஸ்ஸுக்குத் 'தேர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முத்துமாரியம்மன் தேராவது ஆள் இழுத்தால் வேகமாகப் போகும், இது போகாது என்று பின் சீட்டில் ஒருவர் தினமும் சொல்வார். நாங்களும் தினமும் சிரிப்போம்.

காலையில் பஸ்ஸில் ஏறியதும் அவர் முதலில் துடைப்பது முன்கண்ணாடியை அல்ல. தலைக்கு மேலே, உள்ளே இருக்கும் ஆட்களைக் காட்டும் நீளக் கண்ணாடியைத்தான் ஈரக் கைக்குட்டையால் துடைப்பார். பிறகு சிலுவை போட்டுக்கொள்வார். மற்றச் சாரதிகள் அந்தக் கண்ணாடியில் பூமாலை தொங்கவிடுவார்கள், தலை சீவுவார்கள். இவர் ஓட்டும்போது நிமிடத்துக்கொரு தரம் அதைப் பார்ப்பார்.

கார் ரேஸ் பைத்தியம் அவருக்கு எண்பதுகளில் கண்டிக்கு வந்த கார்னிவலில் பிடித்தது. "தோட்டத்துல தேயிலைக் கொழுந்து லொறியைத் தவிர வேற வண்டியே தெரியாதுங்க எனக்கு. அங்க போயி அந்த ஸ்டேரிங்கைப் பிடிச்சேன் பாருங்க, விடவே மனசு வரல" என்று இப்போதும் கண்ணை விரித்துச் சொல்வார். கண்டியில் ஒரு கேம் கடை மூடப்பட்டபோது அங்கிருந்த மெஷினை றஹீம் வாங்கி வந்தார். அன்று முதல் நோபர்ட்டின் பகல் இடைவேளை அதற்குள்தான்.

அந்த மெஷினுக்குப் பக்கத்தில் புதிய கம்பியூட்டர்கள் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆத்திரம். அதிலும் கார் ரேஸ்தான். ஆனால் சுவரில் மோதினால் நெருப்புப் பொறி பறக்கிறது, கார் ஓடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் காரை இடித்துத் தள்ளினால் புள்ளி கூடுகிறது.

"பாருங்க றஹீம் நானா, இடிச்சதுக்கு மார்க்கு குடுக்கிறானுங்க! நம்ம மெஷின்ல ஒரு தடவை பட்டா போதும், கார் குட்டிக்கரணம் போடும். கடையே பார்த்துச் சிரிக்கும். அந்த வெக்கம் இருந்தாத்தானே அடுத்த தடவை ஒழுங்கா ஓட்டுவான்?"

இந்த ஆத்திரம் வெறும் விளையாட்டு ஆத்திரம் அல்ல. அந்தக் கம்பியூட்டரில் உட்காருகிறவர்களில் ஒருவன் சிறில். எங்கள் பாதையிலேயே ஓடும் நீல பஸ்ஸின் இளம் சாரதி. போன மாதம் பலாபத்வல தாண்டி ஒரு வளைவில், இன்னொரு பஸ்ஸை முந்தப் போய் மதகில் இடித்தான். அதில் வந்த தையல்காரி மரிய கொறற்றியின் முன்பற்கள் சீட்டுக் கம்பியில் பட்டு உடைந்தன. அன்று பகலே சிறில் கடைக்கு வந்து விளையாடினான். நோபர்ட் மெஷினிலிருந்து எழும்பி வந்து கத்திய கத்தலில் றஹீம் கடையைச் சாத்த வேண்டியதாயிற்று. மரிய கொறற்றி அதற்குப் பிறகு தேரில்தான் ஏறுகிறாள்.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டுவிட்டேன். "கடையில அப்படிப் பறக்கிறீங்க. ரோட்டுல மட்டும் ஏன் இப்படி உயிரை வாங்குறீங்க?"

முகம் சிவந்துவிட்டது. "அந்த சீட்டுக்குப் பின்னால யாருங்க இருக்கா? செவுருதான் இருக்கு. செவுத்தை வச்சுக்கிட்டு நான் எப்படி வேணும்னாலும் ஓட்டுவேன். இங்க என் முதுகுக்குப் பின்னால இருக்கிறது செவுரா?"

நம் சனங்களை நினைத்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது, என்னையும் சேர்த்துத்தான். பஸ் மெதுவாகப் போனால் ஏசுகிறோம். கவிழ்ந்தால் டயரைக் கொளுத்திப் போட்டு வீதியை மறிக்கிறோம்.

யுத்தம் நடக்கும் இந்த 2008ஆம் ஆண்டில் தேரின் நிலைமை இன்னும் மோசம். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையைக் காட்டி நடக்கிறோம். சாரதி தமிழன் என்று தெரிந்தால் சீட்டுக்கு அடியில் இன்னொரு முறை தேடுகிறார்கள். சிறிலும் தமிழன்தான், அவனுக்கும் அதே கதி. அவன் இழந்த நேரத்தை வளைவுகளில் பிடித்துக்கொள்கிறான். நோபர்ட் பிடிப்பதில்லை. அதனால் வழியில் நிற்கும் ஆட்களையெல்லாம் நீல பஸ் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

பஸ்ஸின் சொந்தக்காரி சந்திரகாந்தா பொறுத்துப் பார்த்தார். போன திங்கட்கிழமை அவரே வந்து முன் சீட்டில், நோபர்ட்டுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "இன்னைக்கு அந்த நீல பஸ் நம்மளை முந்தக் கூடாது. முந்துச்சுன்னா சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு."

"சரிங்கம்மா" என்றார் நோபர்ட்.

பலாபத்வல தாண்டியதும் நீல பஸ் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. ஹோன் நிற்கவே இல்லை. முன்னால் அதே வளைவு, அதே மதகு. "மிதி நோபர்ட்! மிதி!" என்று சந்திரகாந்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பின் சீட்டிலிருந்தும் யாரோ "மிதி அண்ணே" என்றார்கள். எனக்கும் வாய் வரை வந்தது.

நோபர்ட் பிரேக்கை மிதித்தார். வளைவுக்கு முன்பே இடது பக்கம் சிக்னல் போட்டு, பஸ்ஸைப் புல்லோரமாக ஒதுக்கி நிறுத்தினார். நீல பஸ் புழுதியை எங்கள் மேல் இறைத்துவிட்டுக் கடந்து போனது.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்று சந்திரகாந்தா எழும்பினார். "வேலை வேணாமா உனக்கு?"

நோபர்ட் இடது கையை மேலே நீட்டி, தினமும் காலையில் துடைக்கும் அந்தக் கண்ணாடியைச் சந்திரகாந்தா பக்கமாகத் திருப்பினார். அதில் நாங்கள் எல்லோரும் தெரிந்தோம். நடுவில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, மரிய கொறற்றி.