கல்லறைச் சிமெண்ட்

கம்பம் போகும் பேருந்து உத்தமபாளையம் தாண்டிப் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரத் தேவாலயத்தின் பின்னால், நோய் தீர்ப்பவர் என்று பேர்பெற்ற ஒரு துறவியின் கல்லறை. மருந்துக்கென்று ஆட்கள் மண்ணை அள்ளிப்போவதால் மேலே சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஒரு பெண் கரண்டியால் அந்தச் சிமெண்டையே சுரண்டுகிறாள். பக்கத்தில் அவள் மகள், விழுந்த காயம் நெற்றியில் ஆறாமல்.

"இவளுக்கு வலிப்பு வருதுய்யா. மாத்திரைய நிறுத்திட்டோம். ரெண்டும் சேந்தா பலிக்காதுன்னு ஊர்ல சொன்னாக."

"மாத்திரைய நிறுத்தாதீங்கம்மா. இது வெறும் சிமெண்ட்," என்கிறேன்.

அவள் என் மணிக்கட்டைப் பார்க்கிறாள். போன மாதம் இலங்கையில் ஒரு பிக்கு ஓதிக் கட்டிவிட்ட நூல், அழுக்கேறிக் கிடக்கிறது.

"அப்ப நீங்க இத எதுக்குக் கட்டியிருக்கீக?"

அவள் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கிறாள். மகள் முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். பழகிவிட்டது போலும்.