எட்டுக் கிலோ வயர்

ராடு மேஸ்திரிக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டுதான். அதைக் கூப்பிடத்தான் ஆளில்லை. மண் அள்ளும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங் ராடு பிடித்த கை அவருடையது. விரிசல் செங்குத்தாக இருந்தால் என்ன, தலைக்கு மேலே இருந்தால் என்ன, நின்ற இடத்திலேயே அடைத்துவிடுவார். நல்ல வேலைக்காரர். ஆனால் சகலை பேச்சை எடுத்தால் போதும், முகம் சுண்டிப்போகும்.

அந்தச் சகலை, மனைவியின் தங்கை புருஷன், பத்து வயது இளையவன். அடுத்த தெருக் கொட்டகையில் வயர் வெல்டிங் பார்க்கிறான். ராடை ஒவ்வொன்றாக மாட்டி எரிக்க வேண்டும். வயரோ சுருளிலிருந்து தானாக ஓடி வரும். மணிக்கு மூன்று கிலோ இரும்பு நிரப்புகிறானாம்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறாராம். சட்டையில ஒரு ஓட்டை கிடையாதாம்" என்று மனைவி சாப்பாடு போடும்போதெல்லாம் ஆரம்பிப்பாள்.

"சட்டையைப் பாத்தா சம்பளம் குடுக்கறாங்க?" என்று எரிந்து விழுவார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டுமா, சொல்லுங்கள்!

கடைசியில் இவருடைய முதலாளியும் ஒரு வயர் மெஷினை வாங்கிப் போட்டார். அதே வாரம் ஒரு பெரிய வண்டி வந்தது. அதன் நீளக் கையில், பூம் என்பார்களே அதில், பக்கவாட்டில் முழ நீளத்துக்கு விரிசல்.

"எந்த வயர்னு நீங்களே முடிவு பண்ணுங்க மேஸ்திரி. சனிக்கிழமை வண்டி போயாகணும். முடியலைன்னா உங்க எடத்துல உங்க சகலையைத்தான் கொண்டுவரணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் முதலாளி.

வயர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் மெல்லிசு வயரை எடுத்துக் காட்டினார். "உங்க சகலை இதைத்தான் வாங்கறார்."

அவ்வளவுதான்! "இதைவிட வேகமா நிரப்பறது எது?"

"தடி வயர் இருக்கு. மணிக்கு எட்டுக் கிலோ. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். கட்டுங்க!"

பெட்டியின் ஓரத்தில் 'படுக்கை நிலைக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவர் கண்ணில் பட்டது எட்டு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினார். பூமைக் கழற்ற அரை நாள் ஆகும் என்று வண்டியிலேயே விட்டுவிட்டார். செங்குத்து விரிசலில் வயரை ஓட்டினால், உருகிய இரும்பு நிற்குமா? எட்டுக் கிலோ வேகத்தில் வழிந்து பூட்ஸ் மேலேயே கொட்டியது. மூன்று தடவை வழித்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். மூன்று தடவையும் அதே கதை. கூட வேலை பார்க்கும் ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முதலாளி போனை எடுத்தார்.

சகலை வந்தான், ஓட்டையில்லாத சட்டையோடு. பெட்டியை எடுத்துப் படித்தான். மேஸ்திரியும் எட்டிப் பார்த்தார்; பொடி எழுத்து அப்போதுதான் கண்ணில் பட்டது. போச்சு, எல்லார் முன்னாலும் மானம் போகப்போகிறது, இடமும் போகப்போகிறது. அவன் இடத்தில் இவர் இருந்திருந்தால் ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடித்திருப்பார்.

"அண்ணன் எடுத்தது சரியான வயர்தாங்க" என்றான் சகலை. "இவ்வளவு ஆழத்துக்கு என் வயர்னா நாள் பூரா ஓட்டணும். பூமைக் கழட்டிப் படுக்கப் போட்டுட்டா, அண்ணனே மூணு மணி நேரத்துல அடைச்சுடுவார்."

பூமை வண்டியோடு கோத்திருந்த பின்களைத் தட்டி எடுத்து, கிரேனால் தூக்கி, விரிசல் மேலே பார்க்க பூமைக் கிடத்தினார்கள். வயர் ஓடியது பாருங்கள், வெண்ணெய் தடவியதுபோல! சனிக்கிழமை மதியம் வண்டி போய்விட்டது. "மேஸ்திரி மேஸ்திரிதான்" என்றார் முதலாளி.

இடம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? வீட்டில் மனைவி முகமெல்லாம் பல்லாகச் சாப்பாடு போட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணார். அண்ணன் பிரமாதமா பண்ணாருன்னு ஒரே பாராட்டு. என்ன பெரிய மனசு பாருங்க அவருக்கு!"

அந்தப் பெரிய மனசும் அவனுக்குத்தானா வாய்க்கணும்? பாவி! அவனுடைய வேகத்தைக் கடையில் கேட்டு வாங்க முடிந்தது. இதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

மேஸ்திரி தட்டைத் தள்ளிவைத்தார்.

"இனிமே அவன் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே."