கூரை கழற்றிய ஸ்டேசன்

ஜப்பானில் கனசாவா என்றொரு நகரம். அங்கே நான் போனதில்லை, இனிப் போகப்போவதும் இல்லை. ஆனால் அந்த ஊர் ரயில்வே ஸ்டேசன் வாசலில் எத்தனை தூண், கூரையில் விழுகிற மழைத்தண்ணீர் எந்த வழியால் இறங்குகிறது, எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தாலியில், பலெர்மோ நகரத்து லிபெர்த்தா தெருவில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஒரு கிழவரை நாலு வருடம் பராமரித்ததில் வந்த வினை அது.

அவர் ரயில்வேயில் ஸ்டேசன்களுக்குக் கட்டடப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். மனைவி செத்துப்போய்விட்டார். ஒரே மகள் மிலானில். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே மறதி நோய் தொடங்கியிருந்தது. தெரிந்த விசயத்தைத் தினமும் கேட்டுக் கேட்டு அவரைக் கதைக்க வைக்கச் சொன்னார் டாக்டர். அவருக்குத் தெரிந்தது ஸ்டேசன் ஒன்றுதான். ஆகவே காலைக் கோப்பியோடு நான் சோதனை வைப்பேன். நாங்கள் இத்தாலியனில் கதைத்ததை எங்கடை தமிழிலேயே எழுதுகிறேன், வேறு மாதிரி எனக்கு வராது. ஐயாவுக்குச் சிஞ்ஞோரே, அம்மாவுக்குச் சிஞ்ஞோரா என்பதை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"வாசல்லை என்ன நிக்குது, சிஞ்ஞோரே?"

"ரெண்டு மரத்தூண். மேளம் மாதிரி."

மேளமாவது மண்ணாங்கட்டியாவது! அவருடைய ஜப்பான் படங்கள் ஒட்டிய ஆல்பத்தைப் பார்த்தால் இடை ஒடுங்கி, கயிறு வரிந்த அசல் உடுக்கு. அம்மன் கோயில் உடுக்கைப் பனை உயரத்துக்கு இழுத்து நிறுத்தியது போல இருந்தது. அந்த ஊர்க் கூத்தில் அடிக்கிற சின்ன மேளமாம். அதைத்தான் வாசலாகக் கட்டியிருக்கிறார்கள்.

தூண்களுக்குப் பின்னால் முற்றம் முழுவதையும் மூடி ஒரு பெரிய கண்ணாடிக் கூரை. மழையும் பனியும் ஓயாத ஊர் அது. வந்து இறங்குகிறவனுக்குக் குடை பிடிப்பதுபோல இருக்க வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்களாம். கூரையில் விழுகிற தண்ணீர் அந்த உடுக்குத் தூண்களுக்கு உள்ளே போகிற குழாய்களால் நிலத்தடித் தொட்டிக்குப் போகிறது. வன்னியில் குளத்தை நம்பி வளர்ந்தவள் நான், எனக்கு அந்தத் தொட்டிதான் பிடித்தது. பழைய ஊருக்கு இந்தக் கோலம் எதற்கு என்று முதலில் சனம் முணுமுணுத்ததாம். இப்போது அதற்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள்.

"உலகச் சண்டையிலை அந்த ஊரிலை குண்டு விழேல்லை, சிஞ்ஞோரா," என்று ஒவ்வொரு நாளும் புதினம்போலச் சொல்வார்.

"குடுத்து வைச்சதுகள்," என்று சொல்லிவிட்டு நான் கோப்பை கழுவப் போய்விடுவேன். எரிச்சல் வரும். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி என்று வயிறு எரியும்.

அவருடைய ஸ்டேசன் பைத்தியத்துக்கும் காரணம் இருந்தது. பலெர்மோவின் பெரிய ஸ்டேசனான சென்ட்ராலேயின் முகப்பு இன்றைக்கும் அரண்மனை மாதிரி நிற்கிறது. ஒரு காலத்தில் அதற்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு மேலே இரும்பும் கண்ணாடியுமாக ஒரு பெரிய கூரை இருந்ததாம். உலகச் சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று அதைக் கழற்றினார்கள். சின்னப் பிள்ளையாக, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கழற்றுவதைப் பார்த்தவர் இவர். பிறகு வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கூரையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒருத்தரும் கட்டவில்லை. கடைசியில் மனைவியோடு ஜப்பானுக்குப் போய், கனசாவாவில் ரயிலால் இறங்கி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்து அழுதாராம்.

நாலாம் வருடத்தில் இரண்டு தடவை தனியே வெளியே போய் வழி தவறிவிட்டார். மகள் வந்து நின்று, இன்னொரு தடவை நடந்தால் மிலானில் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னை இந்த வீட்டிலையிருந்து அனுப்ப விடாதேங்கோ."

"விடமாட்டன்," என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

அது மாரிகாலம். காலையில் குப்பை போட்டுவிட்டு வந்து கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், கோட்டு, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு நடையில் உள்ள நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். தொப்பியைச் சரிசெய்தார். கதவைத் திறந்தார். நான் நாலு அடி பின்னால் நின்றேன். "சிஞ்ஞோரே" என்று ஒரு சொல் போதும், நின்றிருப்பார்.

வாய் திறக்கவில்லை. வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக்கூடாது என்று எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நான் ஒருமுறை கூப்பிட்டவள். வன்னியில் சண்டையின் கடைசி மாதத்தில், கஞ்சி கொடுக்கிற இடத்துக்கு என் மனுசன் வெளிக்கிட்டபோது, "இஞ்சாருங்கோ, தண்ணிப் போத்தலையும் கொண்டு போங்கோ" என்று பின்னால் கத்தினேன். திரும்பி வந்து போத்தலை வாங்கிக்கொண்டு போனார். பத்து அடி போகவில்லை, செல் குண்டு விழுந்தது. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அந்த இடத்தை அவர் தாண்டியிருப்பார். அன்றிலிருந்து நான் ஒருத்தரையும் பின்னால் கூப்பிட்டதில்லை.

சுற்றிப்போய் முன்னால் நின்று மறிக்கலாம் என்று ஓடினேன். லிஃப்ட் மூடிவிட்டது. படிகளால் இறங்கித் தெருவுக்கு வந்தால் அவரை ஏற்றிய பஸ் போய்க்கொண்டிருந்தது.

சீசாப் பகுதியில் என்னோடு ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிற எங்கடை ஊர் அக்கா ஸ்டேசனடி ஹோட்டலில் கட்டில் விரிக்கிறவ. அவவுக்குப் போன் அடித்துக் குழறினேன்.

"கத்தாதை. அந்த மனுசன் இஞ்சைதான் வரும். நான் பாக்கிறன்."

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்டேசன் முற்றத்தில் கொட்டுகிற மழையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அக்கா இழுக்கிறா, அசைகிறாரில்லை.

"திரும்பவும் கழட்டிப் போட்டாங்கள், சிஞ்ஞோரா," என்றார். குளிரில் பல்லோடு பல் அடித்தது.

டாக்சிக்குள் அக்கா என் காதுக்குள் சொன்னா: "அவர் வெளிக்கிட்டதை நீ கண்டனி எண்டு வாய் திறந்திடாதை. பாத்ரூமுக்குள்ளை நிண்டனான் எண்டு சொல்லு. பொலிசு, வழக்கெண்டு போனா உன்ரை பெர்மெசோ என்னாகும்?"

பெர்மெசோ என்ற சொல்லோடு என் மூளை நின்றுவிட்டது. அந்த வதிவிட அனுமதி இல்லாவிட்டால் இந்த நாட்டில் எனக்கு இருப்பில்லை. உண்மையைச் சொன்னால் பிழை என் தலையில் விழும், என்னைக் கலைத்துவிட்டு வேறொருத்தியை வைப்பார்கள், அவர் தன் வீட்டிலேயே இருப்பார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. பொய் சொன்னால் பிழை அவருடையதாகிவிடும் என்பதையும் யோசிக்கவில்லை.

பின்னேரம் மகள் விமானத்தில் வந்து சேர்ந்தார். கிழவர் கம்பளி போர்த்தி நாற்காலியில் இருந்தார். பாத்ரூமுக்குள் நின்றேன், கதவுச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்று நான் சொன்னேன்.

"இல்லை," என்றார் கிழவர். குரல் தெளிவாக இருந்தது. "அவ எனக்குப் பின்னாலை நிண்டவ. நிலைக்கண்ணாடியிலை கண்டனான். கூப்பிடுவா எண்டு பாத்தனான், கூப்பிடேல்லை."

மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களே, சிஞ்ஞோரா? நடந்தது எது, நடக்காதது எது எண்டு இவருக்கு இனித் தெரியாது. இதுக்கு மேலை வீட்டிலை வைச்சிருக்கேலாது, என்ன?"

கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.