க்ளெனுக்குக் கொடுத்த பெரிய சாவி

லீனா பிசியோதெரபிஸ்ட். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்தெருவில் வீடு, வேலை மட்டும் பெங்களூர் பூராவும். முட்டி மாற்றிக்கொண்டவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் ஆட்களை எழுப்பி நடக்க வைப்பாள். அவளை நடுத்தெருவில் நிற்க வைத்தவர்கள் இந்த ஊர் ஆட்டோக்காரர்கள். மல்லேஸ்வரம் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். போனில் புக் பண்ணினால், பக்கத்தில் வந்து நின்றுகொண்டே கேன்சல் பண்ணச் சொல்வார்கள். ஒருநாள் மழையில் தொப்பலாக நனைந்து ஒரு நோயாளி வீட்டு வாசலில் நின்றபோது, சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவளுக்கே ஆகிவிட்டது. சொந்தமாக ஒரு பைக் வாங்கியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அவள் அண்ணன் ஆம்ப்ரோஸ் ஜோகுபாளையத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய், அவனுடைய பழைய பைக்கில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாள். லைசென்சும் வாங்கிவிட்டாள்.

இனி க்ளென். லீனாவின் கணவன், இன்சூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். குடி கிடையாது, கோபம் கிடையாது, தங்கமான மனுஷன்தான். ஆனால் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தெரியாதது குற்றமா? இல்லவே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லமாட்டான், அதுதான் அசிங்கம். ஆபீஸில் யார் கேட்டாலும் முதுகில் டிஸ்க் ப்ராப்ளம் என்பான்.

"ஷோரூம்ல கேட்டா, வண்டி இவளுக்குத்தான், எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. எனக்கு அது போதும்" என்று கிளம்பும்போதே லீனா கேட்டுக்கொண்டாள்.

"சொல்றேன் லீனா. இதுல என்ன இருக்கு?" என்றான் க்ளென்.

ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஷோரூம். பரத் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த சேல்ஸ்மேன் ஓடிவந்தான். "வாங்க சார், என்ன வண்டி பாக்குறீங்க சார்?"

"வண்டி எனக்கு" என்றாள் லீனா.

"ஓ, மேடமுக்கா? ஸ்கூட்டர் எல்லாம் மாடில இருக்கு மேடம். பிங்க் கலர்கூட வந்திருக்கு."

"ஸ்கூட்டர் வேணாம். கியர் வண்டி."

பரத் க்ளெனைப் பார்த்தான். இவள் சொல்வது நிஜமா சார் என்கிற பார்வை. இதோ சொல்லப்போகிறான் என்று லீனாவும் பார்த்தாள். க்ளென் தரையில் டைல்ஸை ரசித்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான், பரத்துக்கு வழி கிடைத்துவிட்டது. பெரிய வண்டி ஒன்றின் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். "சார் ஹைட்டுக்கு இதான் சார் கரெக்ட்!" க்ளென் ஏறி உட்கார்ந்தான். நின்றுகொண்டிருந்த வண்டியின் கைப்பிடியை முறுக்கினான். "ரோடு கிரிப் நல்லா இருக்கும்போல. இதையே எடுத்துடலாமா லீனா?" என்றான். ரோடு கிரிப்பாம்! இவனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

"ஒரு டெஸ்ட் ரைட் போயிட்டு வாங்க சார்!"

க்ளெனின் கை தானாக இடுப்புக்குப் போனது. "டிஸ்க் ப்ராப்ளம். டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வேணாம்னுட்டாரு."

ஊரார் முதுகையெல்லாம் தடவிப் பிழைக்கிறவள் பக்கத்தில் நிற்கிறாள், அவள் எதிரிலேயே அந்தப் பொய். தூ!

லீனா வேலையைத் தானே பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு வண்டியிலும் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் பதிகிறதா என்று பார்த்தாள். ஸ்டாண்டை எடுத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். கடைசியில் கனமில்லாத ஒரு கறுப்பு வண்டி கைக்கு அடங்கியது. அதை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தபோது, பரத் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. "மேடம் பரவாயில்ல சார், நல்லாவே ஓட்றாங்க" என்று க்ளெனுக்குச் சான்றிதழ் கொடுத்தான்.

வண்டியை லீனா பேருக்கே புக் பண்ணினார்கள்.

டெலிவரி அன்று ஷோரூமில் ஒரே அமர்க்களம். சிவப்புத் துணி மூடிய வண்டி, மாலை, கேக், காதைக் கிழிக்கும் பாட்டு. போட்டோவுக்கென்று தெர்மகோலில் கை நீளத்துக்கு ஒரு சாவி. பரத் அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து க்ளெனிடம் நீட்டினான். "சார் முன்னாடி உக்காருங்க, மேடம் பின்னாடி. ஃபேமிலி போட்டோ!"

இப்போதாவது சொல்வானா? லீனா அவன் முகத்தையே பார்த்தாள். க்ளென் சாவியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அவள் வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். போட்டோவுக்குச் சிரிக்கவும் செய்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. போய்ப் பின்னால் உட்கார்ந்தாள்.

போட்டோ முடிந்தது. பரத் நிஜச் சாவியைக் க்ளெனிடம் கொடுத்தான். "அப்படியே ஜம்முனு ஓட்டிட்டுப் போங்க சார்!" சிப்பந்திகள் வாசல்வரை இரண்டு பக்கமும் நின்று கை தட்டினார்கள்.

"லீனா, இறங்கு" என்றான் க்ளென் மெதுவாக.

"எதுக்கு? ஓட்டுங்க."

"ப்ளீஸ், எல்லாரும் பாக்குறாங்க. என் முதுகு..."

"உங்க முதுக நான் பாத்திருக்கேன். அதுக்கு ஒண்ணுமில்ல."

கைதட்டல் குறைந்து நின்றது. பாட்டையும் யாரோ நிறுத்திவிட்டார்கள். லீனா அசையவில்லை. க்ளென் குனிந்து பெட்ரோல் டேங்க்கைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

"என்ன சார்?" என்று பரத் காதைக் கொண்டுவந்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

ஷோரூம் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. க்ளென் இறங்கினான். லீனா முன்னால் நகர்ந்து அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டாள். பரத் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "மேடம், இது வந்து க்ளட்ச்..."

"தெரியும்" என்றாள்.

"சார், அந்தப் பெரிய சாவியக் குடுங்க. அடுத்த கஸ்டமருக்கு வேணும்."

க்ளென் அப்போதுதான் அது இன்னமும் தன் கக்கத்தில் இருப்பதைப் பார்த்தான். கொடுத்துவிட்டு, பின்சீட்டில் ஏறி அவள் தோளைப் பிடித்தான்.

"கைய எடுங்க" என்றாள் லீனா, வண்டியைக் கிளப்பியபடி. "பின்னாடி கம்பி இருக்கு. அதப் பிடிச்சுக்குங்க."