தம்பி பட்டறைக்கு ஆர்டர் இல்லை

துண்டு தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் பிரிவைக் கவனித்தவளுக்கு ‘கறார் அக்கா’ என்று பெயர். அம்மா போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் வளர்ந்து சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்து, அதே கம்பெனியின் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்துவந்தான்.

கம்பெனி ஒருநாள் முடிவெடுத்தது: இனி விலை மட்டும் போதாது, கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவர்களுக்கே ஆர்டர். பட்டறைகளைப் பார்த்து வரும் வேலை அவளுக்கு.

“தம்பி பட்டறைக்கு வேற யாரையாவது அனுப்புங்க சார்.”

“நீங்க போனாத்தான் நம்பிக்கை” என்றார் மேனேஜர்.

பட்டறைக்குப் பின்னால் கால்வாய் கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது.

“எல்லாரும் இப்படித்தான் விடுறாங்கக்கா. கண்டுக்காத.”

“கண்டுக்கத்தான்டா வந்திருக்கேன்.”

ஆர்டர் நின்றது. தம்பியின் பேச்சும் நின்றது. போன் செய்தால் அவன் மனைவிதான் எடுப்பாள்.

“அவர் குளிக்கிறார் அண்ணி.”

“எப்பக் கூப்பிட்டாலும் குளிக்கிறானா? அவ்வளவு சாயமா ஒட்டியிருக்கு?”

சிரித்துவிட்டுத்தான் அக்கா போனை வைப்பாள். அப்புறம் சோறு இறங்காது.

ஆனால் வேறொன்றும் அவளை அரித்தது. மேனேஜரிடம் போனாள்.

“நாம கைகழுவிட்டா கால்வாய் சுத்தமாயிடாது சார். வேற யாருக்காவது சாயம் போட்டு அங்கேயேதான் விடுவாங்க. தனியா ஒரு பட்டறையால சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பக்கத்துல இருக்கறவங்க சேர்ந்து கட்டட்டும். நாம பாதிச் செலவை ஏத்துக்கிட்டு, தொடர்ந்து ஆர்டர் தர்றோம்னு எழுதிக் கொடுப்போம்.”

கம்பெனி முதலாளிகள் இழுத்தடித்தார்கள். அவள் விடவில்லை. கடைசியில் தலையசைத்தார்கள்.

சேதியோடு பட்டறைக்குப் போனாள். தம்பி கொதிக்கும் தொட்டியைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை.

“நான் மாட்டேன்னு சொன்னா?”

“அப்பவும் நீ என் தம்பிதான். ஆர்டர்தான் கிடையாது.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆவி பட்டது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பக்கத்துப் பட்டறைக்காரர்களை அவனே பேசிச் சம்மதிக்க வைத்தான். நிலையம் ஓடத் தொடங்கிய அன்று எல்லோரும் குழாய் வாயைச் சுற்றி நின்றார்கள். வந்த தண்ணீரில் இன்னும் லேசான மஞ்சள் இருந்தது.

“இது பத்தாதுடா” என்றாள் அக்கா.

“தெரியும். சரிபண்ணிட்டு இருக்காங்க.” தம்பி உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்து நிழலில் போட்டான். “அதுவரைக்கும் உக்காரு. எவ்வளவு நேரம் வெயில்ல நிப்ப?”