திறந்து பார்க்காத உட்கூரை

எண்பதுகளின் இறுதியில் மொரீஷியஸில், ட்ரியோலே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து போனவன் நான். என் வேலை அனுமதி முதலாளியின் கையில் இருந்தது. தையல் கூடத்தின் பழைய உட்கூரையைப் பிரித்துவிட்டு மாடி எழுப்ப அவர் நினைத்தார். அதற்குமுன், தூசியாகி நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அதில் இருக்கிறதா என்று ஆய்வு அறிக்கை வேண்டும் என்று எங்களிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

ஆய்வுக்கு வந்தவர் தெளிவாகவே சொன்னார்: "கட்டடம் இப்படியே இருக்கும் என்றால் வெளியே தெரிவதைப் பார்த்தால் போதும். இடிப்பதாக இருந்தால் வெட்டித் திறந்து பார்க்க வேண்டும். அந்த நாட்களில் உள்ளே யாரும் இருக்கக் கூடாது."

"வெளியே பார்த்தால் போதும்," என்றார் முதலாளி.

"மிஸ்யே, அடுத்த மாதம் இடிக்கப்போகிறோமே?" என்றேன். மிஸ்யே என்றால் அங்கே ஐயா.

"தையலை நிறுத்தினால் சரக்குக் கப்பல் உனக்காகக் காத்திருக்குமா?"

என் வேலை அனுமதியை நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். கண்ணுக்குத் தெரிந்தவரை ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அறிக்கை வந்தது.

அடுத்த மாதம் ஒரு பக்கம் தையல் நடக்க, மறுபக்கம் உட்கூரையை உடைத்தார்கள். சாம்பல் நிறத் தூசி மெஷின்கள்மேல் படிந்தது. பெண்கள் அதைக் கையால் துடைத்துவிட்டுத் தைத்தார்கள். தமிழ் வம்சத்தைச் சேர்ந்த ஒருத்தி தூசியைக் காட்டி, "அண்ணே, தான்ஜெரே?" என்றாள். ஆபத்தா என்று அந்தத் தீவின் கிரெயோல் மொழியில் கேட்கிறாள்.

"தெரியலம்மா. மூக்கைக் கட்டிக்கோ."

தெரியாது என்பது உண்மைதான். தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். மாலைவரை நானும் அந்தக் கூடத்திலேயே நின்றேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.